ஃபோம் ரோலரும் இறுகிய தசைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரத்தான் பயிற்சிக்கு வருபவர்கள், ஜிம்மில் பளு தூக்குபவர்கள், நாள் முழுதும் கணினி முன் அமர்ந்திருப்பவர்கள் என யாரிடம் பேசினாலும் ஃபோம் ரோலரைப் பற்றி அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னாலும் சிக்கலானவை பின்னாலும் உள்ளன. ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருப்பதால், முதல் ஐந்தையும் படித்துவிட்டு மற்றவற்றுக்குச் செல்வது நல்லது. உடலில் வேறு நோய் இருப்பவர்கள் 11ஆம் கேள்வியை முதலில் படிக்க வேண்டும்.

1. ஃபோம் ரோலர்னா என்ன? அதை வெச்சு என்னதான் பண்றாங்க?

அடர்த்தியான நுரைப்பொருளால் செய்த உருளைதான் அது. குறுக்களவு பெரும்பாலும் 15 செ.மீ. அளவிலும், நீளம் 30 செ.மீ. முதல் 90 செ.மீ. வரையிலும் இருக்கும். அதைத் தரையில் வைத்து, இறுக்கமாகத் தோன்றும் தசையை அதன்மேல் கிடத்தி, உடல் எடையையே அழுத்தமாகக் கொண்டு மெல்ல முன்னும் பின்னும் உருட்டுவார்கள். இன்னொருவர் கையால் நீவி விடுவதை நாமே நமக்குச் செய்துகொள்ளும் வழி என்று இதைக் கொள்ளலாம். சிறு பந்துகள், இரு கையாலும் பிடித்து உருட்டும் குச்சிகள், மின்சாரத்தில் தட்டும் மசாஜ் கன் ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

2. உருட்டுனா உள்ள இருக்கிற முடிச்செல்லாம் நிஜமாவே கரையுதா?

கரைவதில்லை. தசையையும் அதைச் சுற்றியுள்ள உறையையும் ரோலர் பிரித்து இளக்குகிறது என்றுதான் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. ஆனால் தொடையின் வெளிப்பக்கத்திலும் உள்ளங்காலிலும் இருக்கும் உறை மிகவும் உறுதியானது. அதை ஒரே ஒரு சதவீதம் அமுக்குவதற்கும் மனித உடல் இயல்பாகத் தாங்கக்கூடிய அளவை மிஞ்சிய விசை தேவைப்படும் என்று 2008இல் வெளிவந்த ஒரு கணித மாதிரி ஆய்வு காட்டியது. நம் உடல் எடையைக் கொண்டு ஓரிரு நிமிடம் உருட்டுவதால் அந்த உறையின் வடிவம் நிலையாக மாறிவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை. விரலுக்குத் தட்டுப்படும் வலிமிகுந்த கட்டிகள் எதனால் உண்டாகின்றன என்பதிலும் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

அப்படியானால் உருட்டியவுடன் லேசாக உணர்வது பொய்யா என்றால், இல்லை. அந்த மாற்றம் பெரும்பாலும் நரம்பு மண்டலத்தில் நிகழ்கிறது. அழுத்தத்தை உணரும் நுண்ணுறுப்புகள் தோலிலும் தசையிலும் நிறைந்திருக்கின்றன. அவை தூண்டப்படும்போது, நீட்சியையும் வலியையும் தாங்கும் வரம்பு சிறிது நேரத்துக்கு உயர்கிறது. தசை நீண்டுவிடுவதில்லை. அது நீள்வதற்கு மூளை முன்னைவிடக் கூடுதலாக இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு கெண்டைக்காலை மட்டும் உருட்டியபோது, ரோலரே படாத மறு காலிலும் கணுக்கால் மடங்கும் அளவு சற்றுக் கூடியது. தொடாத காலில் எந்த முடிச்சும் நசுக்கப்படவில்லை அல்லவா?

இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால், எவ்வளவு அழுத்த வேண்டும், எவ்வளவு நேரம் உருட்ட வேண்டும், அதன்பின் என்ன செய்ய வேண்டும் என்பவை தாமே தெளிவாகிவிடும். ரோலரால் காயம் பட்டுக்கொள்பவர்கள் பெரும்பாலும் உள்ளே இருக்கும் எதையோ உடைக்க வேண்டும் என்று நம்பி அழுத்துபவர்கள்தாம்.

3. அந்த லேசான உணர்வு எவ்வளவு நேரம் நிக்கும்?

குறைவான நேரமே நிற்கும். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் முன்தொடையை ஒரு நிமிடம் வீதம் இருமுறை உருட்டியவர்களுக்கு முழங்கால் மடங்கும் கோணம் 2 நிமிடம் கழித்து அளந்தபோது ஏறத்தாழ 10 பாகையும், 10 நிமிடம் கழித்து 8 பாகையும் கூடியிருந்தது. தசையின் வலு குறையவில்லை. பொதுவாக இந்தப் பலன் 10 முதல் 30 நிமிடத்துக்குள் தேய்ந்துவிடுகிறது.

ஆகவே உருட்டி முடித்தவுடன் மீண்டும் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டால் கிடைத்தது வீணாகிவிடும். அந்த அரை மணி நேரத்துக்குள் கிடைத்த கூடுதல் அசைவைப் பயன்படுத்த வேண்டும். கெண்டைக்காலை உருட்டியிருந்தால் படியின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கலாம். முன்தொடையை உருட்டியிருந்தால் நன்றாகத் தாழ்ந்து ஸ்குவாட் செய்யலாம். நிலையான மாற்றம் வேண்டுபவர்கள் வாரக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளிவந்த அலசலின்படி, 4 வாரத்துக்கு மேல் தொடர்ந்து உருட்டியவர்களிடம்தான் அசைவின் அளவு கூடியது.

4. பல்லைக் கடிச்சிக்கிட்டு வலியைத் தாங்குனாத்தான் பலன் கிடைக்குமாமே?

இந்த நம்பிக்கை தவறு. இதனால் கெடுதலும் உண்டு. 2018இல் இதையே நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். தாங்கக்கூடிய உச்ச வலியில் ஏறத்தாழ 50, 70, 90 சதவீதம் என மூன்று அளவுகளில் முன்தொடையை அழுத்தியபோது, மூன்றிலும் அசைவு ஒரே மாதிரிதான் கூடியது. அதிக வலியைத் தாங்கியவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

பத்துக்கு ஐந்து என்று சொல்லத்தக்க, அழுத்தமாக இருந்தாலும் இயல்பாக மூச்சு விட முடிகிற அளவே போதுமானது. மூச்சு அடைத்துக்கொண்டாலோ, முகம் சுளித்தாலோ, தோள்கள் காதை நோக்கி உயர்ந்தாலோ தசை தளர்வதற்குப் பதிலாகத் தற்காப்புக்கு இறுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மறுநாள் அந்த இடம் கன்றிப்போயிருந்தாலோ தொட்டால் வலித்தாலோ அழுத்தம் மிகுந்துவிட்டது என்று அறிந்து, அடுத்த முறை குறைத்துக்கொள்ள வேண்டும். கன்றிய இடத்தில் மீண்டும் ரோலரை வைக்கக் கூடாது.

5. சரியா எப்படி உருட்டறது? வீடியோவுல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி செய்றாங்களே?

கெண்டைக்காலை எடுத்துக்கொள்வோம். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, வலது கெண்டைச்சதையின் நடுப்பகுதிக்கு அடியில் ரோலரை வையுங்கள். இடது காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். இரு உள்ளங்கைகளையும் பின்னால் ஊன்றி, புட்டத்தைத் தரையிலிருந்து விரலளவு உயர்த்துங்கள். கைகளிலும் இடது காலிலும் எவ்வளவு எடையைத் தாங்குகிறீர்களோ அவ்வளவுக்கு வலது கெண்டைக்காலின் மேலுள்ள அழுத்தம் குறையும். பழகிய பின்பு கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டால் இடது காலை வலது காலின்மேல் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது குதிநாணுக்குச் சற்று மேலிருந்து முழங்காலை நோக்கி மெதுவாக உருட்டுங்கள். ஒருமுறை மேலே போக 3, 4 நொடிகள் ஆகட்டும். முழங்காலின் பின்புறக் குழிக்கு நான்கு விரற்கடை முன்பே நிறுத்திவிட வேண்டும். அந்தக் குழியில் பெரிய இரத்தக்குழாயும் நரம்புகளும் தோலுக்கு அருகிலேயே ஓடுகின்றன. வலி கூடுதலாகத் தெரியும் இடத்தில் 20 நொடி அப்படியே நின்று, பாதத்தை மேலும் கீழுமாக அசையுங்கள். அசையாமல் படுத்திருப்பதைவிட இது நல்ல பலன் தருகிறது என்பது என் அனுபவம். பிறகு காலைச் சற்று உட்புறமும் வெளிப்புறமும் திருப்பிச் சதையின் இரு பக்கங்களையும் உருட்டுங்கள். ஒரு தசைக்கு 30 நொடி முதல் ஒரு நிமிடம், வேண்டுமானால் இரண்டு முறை. அதற்கு மேல் தேவையில்லை.

முன்தொடை, பின்தொடை, புட்டம் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். சதைப்பற்றான இடத்தில் மட்டும் உருட்ட வேண்டும். எலும்பும் மூட்டும் துருத்தியிருக்கும் இடங்களில், குறிப்பாக முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்புமுனையில், ரோலர் படக் கூடாது. காலின் நரம்பு ஒன்று அந்த முனையைச் சுற்றித் தோலை ஒட்டியே செல்கிறது. உருட்டும்போது கால் மரத்தாலோ, மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்றாலோ உடனே இடத்தை மாற்றுங்கள்.

6. ஓடுறதுக்கு முன்னாடி உருட்டணுமா, ஓடி முடிச்ச பிறகா?

இரண்டு வேளையும் பயன் உண்டு, ஆனால் நோக்கம் வேறு. 21 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான அலசலில், பயிற்சிக்கு முன் உருட்டியவர்களுக்கு நெகிழ்வு சராசரியாக 4 சதவீதமும் வேக ஓட்டம் 0.7 சதவீதமும் மேம்பட்டிருந்தன. பயிற்சிக்குப் பின் உருட்டியவர்களுக்குத் தசைவலி உணர்வு ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்தது. இவை சிறிய எண்கள். இதனால் பெரிய மாற்றம் வந்துவிடும் என்று சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். ஆனால் நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் படியிறங்கத் தடுமாறுபவருக்கு அந்தச் சிறு தணிவும் பெரிய ஆறுதல் என்பதை நானறிவேன்.

முன்பு என்றால் ஒரு தசைக்கு 30 நொடி போதும். அதன்பின் மெதுவோட்டமும் அசைவுப் பயிற்சிகளும் கட்டாயம் செய்ய வேண்டும். வார்ம் அப்புக்கு மாற்றாக ரோலரை எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்பு என்றால் உடல் சற்று ஆறியதும் நிதானமாகச் செய்யலாம். பயிற்சிக்குப் பின் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலிக்குத் தேங்கிய லாக்டிக் அமிலம் காரணமில்லை. அது ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ஆகவே “அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுவதற்காக” யாரும் உருட்ட வேண்டியதில்லை.

7. எந்த ரோலர் வாங்கலாம்? முள்ளு முள்ளா இருக்கிறது நல்லதா?

முதன்முறை வாங்குபவருக்குப் புடைப்புகள் இல்லாத, நடுத்தர அடர்த்தியுள்ள, 45 செ.மீ. நீள ரோலர் பொருத்தமானது. கட்டைவிரலால் அமுக்கினால் சிறிதே அமுங்கி உடனே பழைய நிலைக்கு வர வேண்டும். மிகவும் மலிவான வெள்ளை நுரை ரோலர்கள் சில மாதங்களிலேயே நடுவில் பள்ளம் விழுந்துவிடும். உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் குழாய் வைத்து மேலே நுரை போர்த்தியவை நெடுநாள் உழைக்கும், ஆனால் கடினமாக இருக்கும். புடைப்புகள் உள்ளவை ஓரிடத்தில் அழுத்தத்தைக் குவிப்பவை. 4ஆம் பதிலில் சொன்ன காரணத்தால் அது தேவையே இல்லை.

எண்ணெய் தடவிக்கொண்டு உருட்ட வேண்டாம். ரோலர் வழுக்கும், நுரையும் கெடும்.

8. காசு செலவழிக்காம வீட்ல இருக்கிற பொருளை வெச்சே செய்ய முடியாதா?

தாராளமாகச் செய்யலாம். டென்னிஸ் பந்து மிகச் சிறந்த கருவி. புட்டத்துக்கும் தோள்பட்டைக்குப் பின்புறத்துக்கும் உள்ளங்காலுக்கும் ரோலரைவிட அதுவே பொருத்தமாக அமையும். சுவருக்கும் முதுகுக்கும் இடையில் பந்தை வைத்துச் சாய்ந்து நின்றால் அழுத்தத்தைக் காலடியின் தூரத்தைக் கொண்டே கூட்டிக் குறைக்கலாம். இரண்டு டென்னிஸ் பந்துகளை ஒரு காலுறைக்குள் போட்டு முடிச்சிட்டால், முதுகெலும்பு நடுவிலுள்ள இடைவெளியில் தப்பிவிட, இரு பக்கச் சதைகள்மீது மட்டும் அழுத்தம் விழும். கார்க் பந்து மிகவும் கடினமானது. பழகாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

சப்பாத்திக் கட்டையை இரு கையாலும் பிடித்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே முன்தொடையையும் கெண்டைச்சதையையும் உருட்டலாம். தரையில் இறங்கி எழ முடியாத பெரியவர்களுக்கு இதுவே ஏற்ற முறை. குதிகால் வலி உள்ளவர்கள் தண்ணீர் பாட்டிலை முக்கால் பாகம் நிரப்பி உறைய வைத்து, மெல்லிய துணி சுற்றி, சில நிமிடம் உள்ளங்காலின்கீழ் உருட்டுவதுண்டு. குளிர்ச்சியும் அழுத்தமும் சேர்ந்து வலியைத் தணிக்கும். கால் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் மட்டும் இதைச் செய்யவே கூடாது.

9. தொடையோட வெளிப்பக்கம் உருட்டுனா உயிர் போகுது. அது ரொம்ப இறுகிப்போச்சுன்னுதானே அர்த்தம்?

அப்படிக் கொள்ள வேண்டியதில்லை. ஐ.டி. பேண்ட் என்று ஓட்டக்காரர்கள் சொல்லும் அந்தப் பட்டை இடுப்பின் வெளிப்புறத்தில் தொடங்கி முழங்காலைக் கடந்து கீழ்க்கால் எலும்பில் போய்ச் சேர்கிறது. அது தசையன்று, தடித்த உறை. சுருங்கி விரியும் தன்மை அதற்குக் கிடையாது. 2ஆம் பதிலில் குறிப்பிட்ட கணக்கீடு இதே பகுதியின் உறையைப் பற்றியதுதான். பட்டைக்கு அடியில் தொடைத் தசையும் எலும்பும், மேலே மெல்லிய தோல், பக்கவாட்டில் முழு உடல் எடை என்றிருக்கும்போது நல்ல நிலையில் உள்ளவருக்கும் வலிக்கத்தான் செய்யும்.

அந்தப் பட்டையை இழுத்துப் பிடிக்கும் தசைகள் மேலே இருக்கின்றன. இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கமாக உள்ள சிறிய தசையையும், புட்டத்தின் பெரிய தசையையும் பந்து கொண்டு அழுத்துங்கள். வலியும் குறைவு, பயனும் உண்டு. ஓடும்போது, முக்கியமாக இறக்கத்தில், முழங்காலின் வெளிப்பக்கம் கத்தியால் குத்துவதுபோல் வலிப்பவர்கள் ரோலரை நம்பிக் காலங்கடத்தக் கூடாது. ஓடும் தூரத்தைக் குறைத்து, இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளை வலுப்படுத்துவதே அதற்கான வழி.

10. மசாஜ் கன் வாங்கிட்டேன். கழுத்து, இடுப்புன்னு எல்லா இடத்துலயும் போடலாமா?

கூடாது. மசாஜ் கன்னை முன்தொடை, பின்தொடை, புட்டம், கெண்டைச்சதை போன்ற திரட்சியான தசைகளில், குறைந்த வேகத்தில், ஓரிடத்துக்கு ஒரு நிமிடம் அளவில் வைக்கலாம். கழுத்தின் முன்புறத்திலும் பக்கவாட்டிலும் மூளைக்குச் செல்லும் தமனிகள் இருக்கின்றன. அங்கே எந்தக் கருவியும் வேண்டாம். மசாஜ் கன்னைப் பயன்படுத்திய இளம்பெண் ஒருவருக்குத் தசை சிதைந்து சிறுநீர் கறுத்த நிலை ஏற்பட்டதாக 2021இல் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. இது அரிது என்றாலும், கருவி நம் கைவிரல் அல்ல, எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

இடுப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மேல்முதுகில் ரோலரைக் குறுக்காக வைத்து, தலையைக் கைகளால் தாங்கி, மெல்லப் பின்னால் சாய்வது நன்று. விலாக்கூடு அங்கே தாங்கிக்கொள்ளும். இடுப்புப் பகுதியில் அத்தகைய தாங்கல் இல்லாததால் ரோலரின்மேல் படுத்தால் முதுகெலும்பு அளவுக்கு மீறிப் பின்னால் வளையும். இடுப்பு இறுக்கத்துக்குப் புட்டத்தையும் மேல்முதுகையும் கவனித்தாலே பெரும்பாலும் போதும்.

11. யாரெல்லாம் இதைச் செய்யவே கூடாது?

காலில் இரத்தம் உறைந்திருக்கலாம் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் ரோலரைத் தொடக் கூடாது. நீண்ட பயணத்துக்கோ, அறுவைச் சிகிச்சைக்கோ, பல நாள் படுக்கையில் இருந்ததற்கோ பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அதைச் சாதாரணச் சதைப்பிடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். நம் தோல் நிறத்தில் சிவப்பு தெளிவாகத் தெரியாமலும் போகலாம். அதனால் இரு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அழுத்தித் தேய்த்தால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

புதிதாகத் தசை கிழிந்தவர்கள், எலும்பு முறிவு உள்ளவர்கள், விளையாட்டில் தொடையில் பலத்த அடிபட்டு இரத்தம் கட்டியிருப்பவர்கள் அந்த இடத்தை உருட்டக் கூடாது. அடிபட்ட தொடையைத் தேய்ப்பதால் தசைக்குள் எலும்பு போன்ற படிவு உருவாகக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள், வெரிகோஸ் வெயின் உள்ளவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், கருவுற்ற பெண்கள், சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். வலியே தெரியாத காலுக்கு 4ஆம் பதிலில் சொன்ன அளவுகோல் எதுவும் உதவாது.

12. ஸ்ட்ரெச்சிங் பண்ணிட்டுத்தான் இருக்கேன். அப்புறம் இது எதுக்கு?

தேவையில்லாமலும் போகலாம். ஒருமுறை செய்தவுடன் கிடைக்கும் நெகிழ்வில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் நீட்டிப் பிடித்தால் உடனே செய்யும் குதித்தல், வேக ஓட்டம் போன்றவற்றில் வலு சற்றுக் குறையக்கூடும். ரோலரில் அந்தக் குறை தென்படவில்லை. ஆகவே போட்டிக்கு முன் ரோலர், ஓய்வான மாலையில் ஸ்ட்ரெச்சிங் என்று பிரித்துக்கொள்பவர்கள் உண்டு. எதைச் செய்ய உங்களுக்கு மனம் ஒப்புகிறதோ அதைச் செய்யுங்கள்.

13. மாசக்கணக்கா தினமும் உருட்டறேன். ஆனாலும் பின்தொடை இறுக்கம் போகவே மாட்டேங்குது. ஏன்?

என்னிடம் வரும் கேள்விகளில் இதுதான் மிகக் கடினமானது. இறுக்கமாக உணர்வதும் தசை உண்மையில் விறைத்திருப்பதும் எப்போதும் ஒன்றல்ல. நாட்பட்ட முதுகுவலியும் விறைப்பு உணர்வும் உள்ளவர்களின் முதுகைக் கருவியால் அளந்தபோது, அவர்கள் எவ்வளவு விறைப்பாக உணர்ந்தார்கள் என்பதற்கும் முதுகின் உண்மையான விறைப்புக்கும் தொடர்பில்லை என்று 2017இல் ஓர் ஆய்வு கண்டறிந்தது. உடல் ஓரிடத்தைப் பாதுகாக்க விரும்பும்போது அந்த விருப்பமே இறுக்கமாக நமக்குத் தெரியலாம்.

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். நாற்காலியில் கூன்போட்டு உட்கார்ந்து, முகவாயை மார்பில் படும்படி குனிந்துகொள்ளுங்கள். பாதத்தை மேல்நோக்கி மடக்கியபடி, பின்தொடை இழுக்கும் வரை முழங்காலை மெல்ல நீட்டுங்கள். காலை அப்படியே வைத்துக்கொண்டு தலையை மட்டும் நிமிர்த்துங்கள். பின்தொடைத் தசை கழுத்துவரை போவதில்லை, ஆகவே தலையை நிமிர்த்துவதால் அதன் நீளம் மாறாது. இருந்தும் இழுப்பு சட்டென்று குறைந்தால், இறுகியிருப்பதாகத் தோன்றுவதில் முதுகிலிருந்து இறங்கும் நரம்புக்குப் பங்கு இருக்கிறது. உறுத்தலில் இருக்கும் நரம்பை ரோலரால் அழுத்தினால் அது மேலும் சினந்துகொள்ளும். ரோலரை நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

தலையை நிமிர்த்தியும் எதுவும் மாறாவிட்டால் தசையின் வலுவை நோக்கிப் போக வேண்டும். வலுக்குறைந்த தசை தன் சக்திக்கு மீறி வேலை செய்யும்போதும் இறுக்கமாகவே உணர்த்தும். எடையைக் கையில் பிடித்து, முதுகு வளையாமல், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி மெதுவாகக் குனியும் ரொமேனியன் டெட்லிஃப்ட் போன்ற பயிற்சிகளை வாரம் இருமுறை, சிறு எடையில் தொடங்கிச் செய்துவந்தால், தசை நீண்ட நிலையிலேயே வலுப்பெறும். இரண்டு மாதம் பொறுமையாகச் செய்ய வேண்டும். ரோலரை அந்தப் பயிற்சிக்கு முன் ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளலாம்.

கால் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் இடறுவது, இரவில் வலியால் விழிப்பது ஆகியவை சேர்ந்திருந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு மாறினாலோ அந்த நேரத்திலேயே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.